உப்புக் கரிக்கும் ஊரில் மென்னீர்

“சாஃப்ட்னர் ஒண்ணு மாட்டிட்டா எங்க வீட்டு போர்த் தண்ணி நல்ல தண்ணி ஆயிடுமா சார்?”

கேட்டவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் இளைஞர். மீஞ்சூருக்குக் கிழக்கே வீடு கட்டிக் குடிவந்தவர். வந்த சில மாதங்களிலேயே கீசர் காயில் வெள்ளை பூத்துப் போயிற்று. குழாய் முனைகளில் உப்புக் கட்டி. சோப்பு நுரைக்கவில்லை, தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடிக்கிறது, துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விதைவிதையாக நிற்கிறது. விற்பனையாளர் ஒருவர் வந்து, ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கி, அதில் தெரிந்த எண்ணைக் காட்டி பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

“ஆகும்னும் சொல்ல முடியாது, ஆகாதுன்னும் சொல்ல முடியாது தம்பி. டீயைக் குடிச்சிக்கிட்டே கேளுங்க” என்று தொடங்கினேன். அந்தப் பேச்சை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி, பழவேற்காடு என்று அந்தப் பக்கம் யாரிடம் பேசினாலும் இந்தக் கேள்விதான் வருகிறது. அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் விற்பவர்கள் சொல்லும் பதிலாகவே இருக்கிறது.

அவருடைய கிணற்றில் இரண்டு குறைகள் இருக்கலாம். ஒன்று கடினம், இன்னொன்று உப்பு. இரண்டும் ஒன்றல்ல. நாக்கில் கரிப்பது சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. சோப்பைக் கெடுப்பதும், பருப்பை வேகவிடாமல் செய்வதும், காயிலில் பூப்பதும் கால்சியம், மக்னீசியம் என்ற இரண்டு உலோகங்களின் அயனிகள். நீரில் இவை கரைந்திருக்கும் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கால்சியம் வந்ததும் அந்தக் கொழுப்பு அமிலம் சோடியத்தை விட்டுவிட்டுக் கால்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத பிசுக்காகப் படிகிறது. எல்லாக் கால்சியமும் இப்படித் தீர்ந்த பிறகுதான் நுரை வரும். அதுவரை தேய்க்கிற சோப்பு வீண். பருப்பில் நடப்பதும் இதை ஒட்டியதுதான். பருப்பின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பசை, கால்சியத்தோடு சேர்ந்தால் இன்னும் இறுகிவிடும். வேகவைக்க வேகவைக்க இறுகும் பருப்பைக் குக்கரால் என்ன செய்ய முடியும்?

மீட்டரைப் பற்றி அப்போதே சொல்லிவிட்டேன். டிடிஎஸ் மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்தலை. அதிலிருந்து மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. கரைந்திருப்பது கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது. ஆகவே அந்த எண்ணைக் காட்டி சாஃப்ட்னர் விற்பது சரியான காரியமல்ல. சாஃப்ட்னர் வழியாக வந்த தண்ணீரிலும் மீட்டர் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும். கடினத்தை அளக்க வேறு சோதனை இருக்கிறது. தண்ணீரில் ஒரு சாயத்தைச் சேர்த்தால் அது ஒயின் சிவப்பாகும். பிறகு இடிடிஏ என்ற கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கால்சியமும் மக்னீசியமும் முழுவதும் பிடிபட்ட நொடியில் சிவப்பு நீலமாக மாறும். எத்தனை சொட்டு ஆயிற்று என்பதுதான் கணக்கு. இந்தச் சோதனைப் பெட்டி கடையில் கிடைக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். அதுவும் இல்லையென்றால், ஒரு பாட்டிலில் பாதி கிணற்று நீரும் இன்னொன்றில் பாதி மழைநீரும் எடுத்து, குளியல் சோப்புச் சீவலைச் சமமாகப் போட்டுக் குலுக்கிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

“காய்ச்சி ஆற வெச்சா கடினம் போயிடும்னு பள்ளிக்கூடத்துல படிச்சேனே?” என்றார். படித்தது சரிதான், பாதி அளவுக்கு. கால்சியம் பைகார்பனேட்டாக இருந்தால் சூடேறும்போது அது கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். காயிலில் பூப்பது அதுதான். கால்சியம் குளோரைடாகவோ சல்பேட்டாகவோ இருந்தால் எவ்வளவு காய்ச்சினாலும் அசையாது. கடலோரக் கிணறுகளில் இந்த இரண்டாவது வகை அதிகம். தேற்றாங்கொட்டையையும் அவர் விடவில்லை, பாட்டி சொன்னதாகக் கேட்டார். சங்க காலத்திலிருந்தே நம்மவர்களுக்குத் தெரிந்த அருமையான பொருள் அது. ஆனால் அது தெளியவைப்பது கலங்கலை, நீரில் மிதக்கும் நுண்ணிய மண்ணை. படிகாரத்தின் வேலையும் அதுவே. கடினம் மிதப்பதல்ல, கரைந்திருப்பது. கண்ணாடிபோலத் தெளிந்த நீரும் பருப்பை வேகவிடாது.

கரைந்திருப்பதை எடுக்க வேண்டுமென்றால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டும். அதுதான் அயனிப் பரிமாற்றம். இதை மனிதர்கள் முதலில் கண்டுகொண்டது எந்த ஆலையிலும் அல்ல, வெறும் மண்ணில். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஹாரி ஸ்டீபன் தாம்சன் என்றொரு நிலக்கிழார். எரு நீரில் இருக்கும் அம்மோனியா மழையில் அடித்துப் போய்விடுமோ என்ற கவலையில், ஒரு குழாயில் மண்ணை நிரப்பி, மேலே அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். கீழே வடிந்த நீரில் அம்மோனியம் சல்பேட்டைக் காணோம், கால்சியம் சல்பேட் வந்தது! மண் அம்மோனியத்தை வாங்கிக்கொண்டு தன்னிடமிருந்த கால்சியத்தைக் கொடுத்திருக்கிறது. 1850-இல் அவர் இதை வெளியிட்டார். ஜான் தாமஸ் வே என்ற வேதியியலாளர் இதை மேலும் ஆராய்ந்து, இந்த வேலையைச் செய்வது மண்ணிலுள்ள களிமண் பகுதி என்றும், எவ்வளவு வாங்குகிறதோ அதற்குச் சமமான அளவைக் கொடுக்கிறது என்றும் காட்டினார். ஆனால் இது திரும்பாத மாற்றம் என்று அவர் நினைத்தார். திருப்ப முடியும் என்று 1858-இல் காட்டியவர் ஜெர்மனியின் ஐக்ஹார்ன். இந்தக் கடைசித் தகவலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மீஞ்சூரின் கதை முழுவதும் அதில் இருக்கிறது.

களிமண்ணுக்கு ஏன் இந்தக் குணம்? களிமண் துகளின் பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. அதைச் சமன் செய்ய நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகளை அது தன் மேல் பிடித்து வைத்துக்கொள்கிறது. இறுகப் பிணைத்துக்கொள்வதில்லை, அருகே நிறுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வேறு அயனி வந்தால் இடம் மாறலாம். இதே குணமுள்ள ஒரு பொருளைச் செயற்கையாகச் செய்து நீரை மென்மையாக்கும் தொழிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கான்ஸ் உருவாக்கினார். 1935-இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் பிசின் வகைப் பொருளிலேயே இதைச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். 1940-களில் அமெரிக்காவில் டி’அலீலியோ பாலிஸ்டைரீனிலிருந்து செய்த ரெசின்தான், இன்று நம் வீட்டு சாஃப்ட்னர் தொட்டிக்குள் இருக்கும் மஞ்சள் மணிகளுக்கு மூதாதை. மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும் உருண்டைகள். கையில் அள்ளினால் ஈரமான மணல்போல் வழியும். ஒவ்வொரு மணியின் உள்ளும் சல்போனேட் என்ற எதிர்மின்னேற்ற இடங்கள் எக்கச்சக்கம். புது ரெசினில் அந்த இடங்கள் எல்லாவற்றிலும் சோடியம் இருக்கும்.

கிணற்று நீர் உள்ளே வருகிறது. கால்சியத்துக்கு இரட்டை மின்னேற்றம், சோடியத்துக்கு ஒற்றை. ரெசின் இரட்டையைத்தான் கூடுதலாக விரும்பும். ஒரு கால்சியம் உள்ளே போனால் இரண்டு சோடியம் வெளியே வரும். மக்னீசியமும் அப்படியே. அடியில் வெளியேறும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய இல்லை, அவற்றுக்கு ஈடான சோடியம் இருக்கிறது. சோப்பு நுரைக்கும். காயில் பிழைக்கும். பருப்பும் வேகும்.

“அப்ப எடுத்ததை எங்க வெக்குது?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ரெசினே வைத்துக்கொள்கிறது, இடம் தீரும் வரைக்கும். தீர்ந்த பிறகு தொட்டி வழியாகக் கடினநீர் அப்படியே கடந்து போய்விடும். அப்போதுதான் உப்புக் கரைசல் தேவைப்படுகிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு வலிமையில் உப்புக் கரைத்து, ரெசின் வழியாக மெதுவாக விட வேண்டும். கால்சியத்தை விரும்பிப் பிடித்த ரெசின் இப்போது ஏன் அதை விடுகிறது என்று பலருக்கும் விளங்குவதில்லை. காரணம் செறிவு. நீர்த்த நீரில்தான் இரட்டை மின்னேற்றத்துக்கு அந்தச் செல்வாக்கு. கரைசல் செறியச் செறிய அது குறைந்துகொண்டே போகும். தனியாக ஒரு சோடியத்தால் கால்சியத்தை அசைக்க முடியாது. ஊர்கூடித் தேர் இழுப்பதுபோலச் சோடியம் கூட்டமாக வந்தால் அசைந்து கொடுக்கும். ரெசின் மறுபடியும் சோடிய வடிவத்துக்கு வந்துவிடும். பிடிபட்டிருந்த கால்சியமும் மக்னீசியமும், மிச்சமான உப்போடு சேர்ந்து கழிவுக் குழாயில் வெளியேறும். மீண்டும் நல்ல நீரில் அலசிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

இங்கே கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன், ஏனென்றால் விளம்பரத்தில் இது இருக்காது. வீட்டுக்கு மாட்டும் தொட்டியில் 25 லிட்டர் ரெசின் என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடுவது வழக்கம்.) ஆக 1,250 கிராம். கிணற்றில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினம் என்றால், சுமார் 2,000 லிட்டர் ஓடியதும் தொட்டி நிரம்பிவிடும். நாளைக்கு 500 லிட்டர் செலவழிக்கும் வீட்டில் நாலு நாள்தான். ஒவ்வொரு முறையும் மீட்டெடுக்க ஏறக்குறைய 4 கிலோ உப்பு. வேதியியல் கணக்குப்படி ஒன்றரைக் கிலோ போதும். ஆனால் கூட்டமாக வந்தால்தான் வேலை நடக்கும் என்பதால், பாதிக்கு மேல் பயன்படாமலேயே வெளியே போகிறது. மாதத்துக்கு 30 கிலோ உப்பு! அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 600 மில்லிகிராம் என்பது நான் மிகைப்படுத்திச் சொன்ன எண் அல்ல. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, கடினத்துக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் அனுமதிக்கும் உச்ச அளவுதான் 600.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி மீஞ்சூர்.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து குவித்த மணல், கூழாங்கல், களிமண் அடுக்குகள்தான் இந்தப் பகுதியின் நிலத்தடி. நல்ல நீர் தாராளமாக இருந்த இடம். 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இந்த நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்று வயல்கள் அமைத்து, மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் நீர் எடுத்தார்கள். உழவர்களும் இறைத்தார்கள். கடலோரத்தில் நிலத்தடி நன்னீருக்கு ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரை அது அழுத்திப் பிடித்துவைக்கும். மேலே ஒரு மீட்டர் இறங்கினால் அடியில் 40 மீட்டர் பிடி தளரும். நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டால் பிடிக்க எதுவுமே இல்லை, கடல் உள்ளே வரும். வந்தது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு எல்லை 1983-இல் சுமார் 9 கிலோமீட்டருக்கு நகர்ந்துவிட்டது என்பது ஆய்வுகளில் பதிவான கணக்கு. சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இல் வந்ததற்குப் பின்னணியில் இந்தப் பகுதியின் அனுபவமும் இருக்கிறது.

கடல் வந்தால் கரிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். கடினமும் ஏன் கூடுகிறது? கடல்நீரே பெரும் கடினநீர்தான் என்பது ஒரு காரணம். லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கு மேல் கடினம், பெரும்பாலும் மக்னீசியத்தால். நூறு குடத்தில் ஐந்து குடம் கடல்நீர் கலந்தால் 300 மில்லிகிராம் கடினம் வந்துவிடும். கூடவே 950 மில்லிகிராம் குளோரைடும் வரும். ஆனால் கலப்பு மட்டும் காரணமல்ல. இன்னொன்று இருக்கிறது, அதுதான் என்னை எப்போதும் வியக்கவைப்பது.

பல்லாயிரம் ஆண்டுகளாக ஆற்று நீர் ஊறிய களிமண் அது. ஆற்று நீரில் கால்சியம் மேலோங்கியிருந்ததால் களிமண்ணின் இடங்களில் பெரும்பாலும் கால்சியமே நின்றிருந்தது. அங்கே கடல்நீர் நுழைகிறது. லிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் சோடியம், கூட்டம் கூட்டமாக. களிமண் சோடியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தை விடுகிறது. விட்ட கால்சியம் குளோரைடோடு சேர்ந்து கிணற்றுக்கு வருகிறது. சாஃப்ட்னர் தொட்டியில் உப்புக் கரைசலை விடும்போது நடக்கிறதே, அதேதான். ஒரு வித்தியாசமும் இல்லை. தாம்சனின் குழாயில் இருந்த மண் இங்கே பல மைல் நீளத்துக்குக் கிடக்கிறது. மேலிருந்து ஊற்றிய கரைசலுக்குப் பதில் பக்கவாட்டில் வங்கக் கடல். ஆக, மீஞ்சூர்க் கிணற்றில் நாம் இறைப்பதில் ஒரு பங்கு, பூமி என்ற பெரிய சாஃப்ட்னரைக் கடல் கழுவிவிட்ட கழிவு நீர். அந்தக் கால்சியம் பெரும்பாலும் குளோரைடோடு வருவதால்தான் காய்ச்சினாலும் போவதில்லை.

“அப்ப அந்தத் தண்ணிய எடுத்து மறுபடியும் சாஃப்ட்னர்ல விட்டா?” என்றார்.

விட்டால், கடல் மண்ணிலிருந்து வெளியேற்றிய கால்சியத்தை ரெசின் வாங்கிக்கொண்டு, நீரில் மறுபடியும் சோடியத்தைச் சேர்க்கும். குளோரைடு ஒரு துளிகூடக் குறையாது. ரெசின் கை வைப்பது நேர்மின்னேற்ற அயனிகளில் மட்டும். கரிப்புக் குறையாது, சற்றுக் கூடலாம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். 600 எடுத்தால் 276. நீரில் சோடியம் 200 மில்லிகிராமைத் தாண்டினால் சுவை கெடத் தொடங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏற்கெனவே கரிக்கும் நீரில் இது கூடுதல் சுமை. இன்னொரு சிக்கலும் உண்டு. நீரிலேயே சோடியம் நிறைய இருந்தால், கால்சியத்துக்கு ரெசினிடம் இருந்த செல்வாக்கு குறைகிறது. கொஞ்சம் கடினம் கசிந்துகொண்டே இருக்கும். நன்னீர்க் கிணற்றில் அருமையாக வேலை செய்யும் அதே கருவி, கடலேறிய கிணற்றில் தடுமாறும். கருவியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அதனால்தான் அவர் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இல்லை என்றேன். ஆய்வக அறிக்கையில் கடினம் அதிகம், குளோரைடு 250-ஐ ஒட்டி என்றால் சாஃப்ட்னர் அந்த வீட்டுக்கு நல்ல துணை. குளோரைடு 1,000-ஐத் தொட்டுவிட்டது என்றால் சாஃப்ட்னரில் பணம் போடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து. அங்கே உப்பையே பிரிக்க வேண்டும். அதற்குச் சவ்வு வழியாக நீரை வடிக்கும் ஆர்.ஓ. வேண்டும். அதுவும் குடிக்கவும் சமைக்கவும் மட்டும், ஏனென்றால் ஒரு பங்கு நல்ல நீருக்கு அதைவிடக் கூடுதலான கழிவை அது வெளியே தள்ளும்.

கடல்நீரிலிருந்தே உப்பைப் பிரிக்கும் ஆலை காட்டுப்பள்ளியிலேயே இருக்கிறது. 2010 ஜூலையில் திறந்து வைக்கப்பட்டது, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர், சென்னைக்கு. மீஞ்சூர் ஆலை என்று பெயர் பெற்றது அதுதான். கிணறுகளில் நாம் விரட்டப் பார்க்கும் கால்சியத்தை இத்தகைய ஆலைகள் கடைசிப் படியில் விலை கொடுத்துச் சேர்க்கின்றன என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. சவ்வைத் தாண்டி வரும் நீரில் கால்சியம் அநேகமாக இருக்காது. அப்படிப்பட்ட நீர் பசியோடு இருக்கும். குழாயின் இரும்பையும் உள்பூச்சுச் சிமென்டையும் அரித்துத் தன்னை நிரப்பிக்கொள்ளும். ஆகவே சுண்ணாம்போ சுண்ணாம்புக்கல்லோ சேர்த்து, கொஞ்சம் கடினத்தை வேண்டுமென்றே கொடுத்து அனுப்புவார்கள். பக்கத்து அனல்மின் நிலையங்களின் கொதிகலன்களுக்கோ நேர்மாறான தேவை. அங்கே சோடியத்தைக்கூட விட்டுவைக்கக் கூடாது. ஒரு ரெசின் எல்லா நேர் அயனிகளையும் வாங்கிக்கொண்டு ஹைட்ரஜனைக் கொடுக்கும், இன்னொன்று எல்லா எதிர் அயனிகளையும் வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடைக் கொடுக்கும். கொடுத்த இரண்டும் சேர்ந்து தண்ணீராகிவிடும். அந்த ரெசின்களை மீட்க உப்புப் போதாது, அமிலமும் காரமும் வேண்டும். வீட்டுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

வீட்டு விஷயத்தில் என்னை உறுத்துவது அந்த 30 கிலோ உப்பு. அது எங்கே போகிறது? அவர் வீட்டில் பாதாளச் சாக்கடை இல்லை. கழிவு நீர் பின்புறம் உறிஞ்சுகுழிக்குப் போகிறது. குழியிலிருந்து சில அடியில் போர். கடலோர மண்ணில் உப்பு நீர் இறங்கத் தடையே இல்லை. ஆண்டுக்கு 360 கிலோ உப்பைத் தன் கிணற்றின் தலைமாட்டிலேயே புதைப்பதற்குச் சமம் அது. கடல் மேற்கே வரப் பல ஆண்டுகள் ஆயின. நாம் மேலிருந்து ஊற்றினால் அவ்வளவு நாள் ஆகாது. ஒரு வீடு செய்தால் ஒரு கிணறு, தெருவே செய்தால் எல்லாருடைய கிணறும்.

முகம் வாடிவிட்டது அவருக்கு. வழி இருக்கிறது என்று சொன்னேன். வீடு முழுவதற்கும் மென்னீர் எதற்கு? கழிப்பறைக்கும் வாசல் தெளிக்கவும் கடினநீர் ஒன்றும் செய்யாது. செடிக்கு மென்னீர் கூடவே கூடாது. சோடியம் சேர்ந்த மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போகாமல் செய்துவிடும். குடிக்கவும் வேண்டாம், குறிப்பாக ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில். அளவான கால்சியம் உடம்புக்குத் தேவையானதே. குளோரைடு ஒத்துவந்தால், கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகிற குழாயில் மட்டும் மாட்டினால் நாளைக்கு 150 லிட்டர் போதும். உப்புச் செலவு 9 கிலோவாகச் சுருங்கும். நாள் கணக்கில் தானாக மீட்டெடுக்கும் வால்வு வேண்டாம், ஓடிய நீரை அளந்து தேவையானபோது மட்டும் மீட்டெடுக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். உப்பு கழுவிய கல்லுப்பாக இருக்கட்டும். உப்பளத்திலிருந்து அப்படியே வரும் உப்பில் மக்னீசியமும் கால்சியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். எதை வெளியேற்றப் பார்க்கிறோமோ அதையே உள்ளே ஊற்றினால் ரெசின் எப்படி மீளும்? கழிவுக் குழாயை உறிஞ்சுகுழியிலிருந்து பிரித்து, போருக்கு எதிர்ப்பக்கம், தெருக் கால்வாய்க்குக் கொண்டுபோக முடிந்தால் மட்டுமே மாட்ட வேண்டும். முடியாவிட்டால் மாட்டாமல் இருப்பதே அவர் கிணற்றுக்கு நல்லது என்று வெளிப்படையாகவே சொன்னேன்.

இன்னொரு மென்னீர் இருக்கிறது, ரெசினும் உப்பும் கேட்காதது. நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். கடினம் ஏறக்குறைய இல்லாத நீர். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அவர் வீட்டிலும் குழாய் இருக்கிறது, காகிதத்துக்காகப் போட்டது. முதலில் வரும் அழுக்கு நீரை விட்டுவிட்டு, ஒரு தொட்டிக்குத் திருப்பினால் பருப்புக்கும் தலைக் குளியலுக்கும் மாதக்கணக்கில் வரும். மிஞ்சியது மண்ணுக்குள் போகட்டும். அங்கேதான் ஐக்ஹார்ன் காட்டிய அந்தத் திருப்பம் வேலை செய்கிறது. நன்னீர் இறங்கினால் களிமண் மறுபடியும் கால்சியத்தை வாங்கிக்கொண்டு, கடல் விட்டுப்போன சோடியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தரும். ஒரு மழைக்காலத்தில் நடக்காது. மண்ணின் துளைகள் பலமுறை நன்னீரால் நிறைந்து வடிய வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டுகளுக்குப் பிறகு சில கடலோரக் கிணறுகளில் நீர் கரிக்கும், ஆனால் சோப்பு நுரைக்கும். மண் மீண்டுகொண்டிருப்பதன் அடையாளம் அது. கொசஸ்தலையில் வல்லூர் அணைக்கட்டில் தேங்கும் ஒவ்வொரு அடி நீரும், ஏரிகளில் தூர் வாரிச் சேர்க்கும் நீரும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. என்னைக் கேட்டால் மீஞ்சூருக்கான பெரிய சாஃப்ட்னர் அவைதான். அவற்றுக்குச் செலவிடுவதைப் பற்றி இந்தப் பகுதியில் ஆலை நடத்தும் எல்லாரும் யோசிக்க வேண்டும்.

“இப்ப நான் முதல்ல என்ன செய்யணும் சார்?”

இரண்டு சுத்தமான ஒரு லிட்டர் பாட்டில். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, போர்க் குழாயிலேயே பிடிக்க வேண்டும், மேல்தொட்டியிலிருந்து அல்ல. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, அங்கே கொடுக்கலாம். மொத்தக் கடினம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு, சோடியம், இரும்பு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இரும்பு ஏன் என்றால், அது அதிகமிருந்தால் ரெசின் மணிகளை மூடிப் பாழாக்கிவிடும். ஒரு பாட்டிலை இப்போது மே மாதத்தில், கிணறு அடிமட்டத்தில் இருக்கும்போது. இன்னொன்றை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு டிசம்பர் கடைசியில். இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விற்பனையாளரைக் கூப்பிடுங்கள் என்றேன். மே மாத அறிக்கையில் குளோரைடு ஆயிரத்தைத் தாண்டி, டிசம்பரில் நானூறுக்கு இறங்கியிருந்தால், அந்தக் கிணறு இன்னும் மழைக்குப் பதில் சொல்கிறது என்று பொருள். அப்போது சாஃப்ட்னருக்கு வைத்திருக்கும் பணத்தை மழைத்தொட்டிக்குப் போடலாம்.